தக்காளிக் கிளையை ஒடித்து நட்டால் காய்க்குமா?

கேட்டது இதுதான்: மொட்டை மாடியில் குரோ பேக்கில் வைத்த கலப்பினத் தக்காளி ஒன்று கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. அந்தப் பழத்தின் விதையைப் போட்டால் அதே மாதிரி வராது என்று விதைக் கடையில் சொல்லிவிட்டார்கள். கிளையை ஒடித்து வைத்தால் வேர் பிடிக்குமா, பிடித்தாலும் காய்க்குமா, தண்ணீரில் வைப்பதா மண்ணில் வைப்பதா, வேர் விடுவதற்கான பொடி ஏதும் வாங்க வேண்டுமா?

வேர் பிடிக்கும். காய்க்கும். தண்ணீர், மண் இரண்டிலும் வைக்கலாம். பொடி வேண்டாம். இவ்வளவுதான் பதில் என்றால் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் தக்காளியில் வேர் பிடிக்க வைப்பது ஒரு சாதனையே இல்லை. எந்தச் செடியில் ஒடிக்கிறோம், எந்த மாதத்தில் ஒடிக்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஒடித்து, கிளை செழிப்பாக வேர் விட்டு, கடைசியில் ஒரு காய்கூடப் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் தண்டைப் பாருங்கள். நன்கு வளர்ந்த செடியின் அடித்தண்டில், மண்ணுக்கு மேல் நாலைந்து விரல் உயரத்தில், மயிருக்கு நடுவே வெள்ளையாகப் பொரிப்பொரியாகத் தெரியும். மழைக்காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். இது ஏதோ நோய் என்று பயந்து மருந்தடிப்பவர்கள் உண்டு. நோயில்லை. வெளியே வரக் காத்திருக்கும் வேர்கள் அவை. தக்காளித் தண்டு ஈரமும் இருட்டும் பட்டால் எந்த இடத்திலிருந்தும் வேர் விடும். செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் கணுவைப் பார்த்து வெட்டச் சொல்வார்கள். தக்காளியில் கணுவும் ஒன்றுதான், கணுவிடையும் ஒன்றுதான். நாற்றை நடும்போது தண்டை ஆழமாகப் புதைப்பதும், வளர்ந்த பிறகு மண் அணைப்பதும் இதற்காகத்தான்.

கிளையை வெட்டியதும் உள்ளே நடப்பது என்னவென்றால், நுனிக் கொழுந்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி உற்பத்தியாகிக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். முழுச் செடியில் அது வேர்வரை போய்விடும். வெட்டிய கிளையில் போக வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்கும். தேங்கிய இடத்தில் வேர் முளைக்கிறது. கடையில் விற்கும் வேர்ப் பொடிகளில் இருப்பதும் அதே வகைச் சரக்குதான். பெரும்பாலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம். தக்காளி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதனால் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்: கிளை அடர்த்தியாக வரட்டும் என்று நுனியைக் கிள்ளிவிட்டு நடாதீர்கள். மருந்துக் கடையையே மூடிவிட்டு வைத்தியம் பார்ப்பது போல ஆகிவிடும்.

தேன், கற்றாழைச் சாறு, மஞ்சள் தூள் எல்லாம் பலரும் சொல்வார்கள். தேனும் மஞ்சளும் வெட்டுவாயில் கிருமி ஏறாமல் கொஞ்சம் தடுக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இளநீரில் ஊற வைக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. திசு வளர்ப்புக் கூடங்களில் இளநீரைப் பயன்படுத்துவது உண்மை. ஆனால் அதில் பேர்பெற்றது சைட்டோகைனின் வகை ஊக்கி. அது குருத்தைத் தூண்டுவது. போதாததற்கு இளநீரில் சர்க்கரையும் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புளித்து, பூஞ்சணத்துக்கு விருந்தாகிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் செடி எந்த இனம்?

தக்காளியில் இரண்டு போக்கு உண்டு. ஒன்று, குறிப்பிட்ட உயரம் வந்ததும் ஒவ்வொரு கிளையின் நுனியும் பூங்கொத்தாக மாறி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் குத்துச்செடி. இன்னொன்று, பூத்துக்கொண்டே மேலே போய்க்கொண்டிருக்கும் கொடி போன்ற செடி. குத்துச்செடிக் குணம் 1914-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு மரபு மாற்றம். பந்தலும் கம்பும் வேண்டாம், ஒரே சமயத்தில் பறித்துவிடலாம் என்பதால் விவசாயத்துக்கு அது பெரிய வரமாகிவிட்டது. கிளை ஒடித்து நடுவதற்கு அது வரமில்லை. குத்துச்செடியில் பக்கக் கிளைதான் காய்ப்பது; அதை ஒடித்தால் தாய்ச்செடியின் விளைச்சலும் போகும், நட்ட கிளையும் ஒரு முழம் வளர்வதற்குள் இரண்டு கொத்துப் பூத்து ஓய்ந்துவிடும். அதுகூட, இளம் கிளையாக, நுனியில் மொட்டு கட்டாததாகப் பார்த்து எடுத்தால்தான்.

உங்கள் செடி எது என்று விதைப் பொட்டலம் இல்லாமலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு கிளையின் உச்சியைப் பாருங்கள். அங்கே பூங்கொத்தோடு கிளை முடிந்திருந்தால் குத்து இனம். பூங்கொத்து தண்டின் பக்கவாட்டில் ஒதுங்கியிருந்து, உச்சியில் பச்சைக் கொழுந்து மேலே போய்க்கொண்டே இருந்தால் கொடி இனம். செர்ரித் தக்காளி பெரும்பாலும் கொடி இனம்தான். கிளை நடுவதில் முதல் மார்க் அதற்குத்தான்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.1 நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ரகம். தேனிப் பக்கத்து அன்னஞ்சி உள்ளூர் ரகத்திலிருந்து மரபு மாற்றம் மூலம் எடுத்தது; காம்படியில் பச்சைத் திட்டு இருக்கும், தட்டையுருண்டைப் பழம். அது குத்து இனம். கலப்பினமும் இல்லை. நல்ல பழமாக ஒன்றைச் செடியிலேயே பழுக்க விட்டு விதை எடுத்துக்கொண்டால் அடுத்த தடவையும் பி.கே.எம்.1 தான் வரும். அப்படிப்பட்ட ரகத்துக்குக் கிளை ஒடிக்கும் வேலையே தேவையில்லை. நாட்டுத் தக்காளி எல்லாவற்றுக்கும் இதையேதான் சொல்வேன்.

கலப்பினத்தில்தான் கிளைக்கு மதிப்பு. இரண்டு வேறு வேறு தாய் தகப்பனைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை அது. அதன் விதையில் குணங்கள் பிரிந்து போகும்: பத்துச் செடி முளைத்தால் பத்தும் பத்து விதம். உதாரணத்துக்கு, பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக். இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் என்பது அதன் பெருமை. அதன் பழத்திலிருந்து எடுத்த விதையில் அந்த மூன்றும் ஒன்றாக அமைந்த செடி எது என்று முளைக்கும்போது சொல்ல முடியாது. கிளையை ஒடித்து வைத்தால் தாய்ச்செடியின் அச்சு அப்படியே வரும். கடைக்காரர் சொன்னது சரி. கிளை அதற்குச் சரியான மாற்று.

இன்னொரு லாபம் நாள். விதை போட்டால் நாற்றாக எடுக்கவே 25 நாள் ஆகும். அதற்குப் பிறகும் ஏழெட்டு இலைக்கு மேல் விட்டபின்தான் முதல் பூங்கொத்து தலைகாட்டும். வளர்ந்த செடியின் கிளை அந்தக் குழந்தைப் பருவத்தைக் கடந்து வந்தது. வேர் பிடித்த கொஞ்ச நாளிலேயே மொட்டு வைத்துவிடும். மொத்தத்தில் மூன்று வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை முந்தலாம்.

இவ்வளவு நல்லதென்றால் ஒட்டன்சத்திரத்திலும் ராயக்கோட்டையிலும் ஏக்கர் கணக்கில் போடுகிறவர்கள் ஏன் இப்படிச் செய்வதில்லை என்று கேட்பீர்கள். குழித்தட்டு நாற்று ஆயிரக்கணக்கில் ஒரே வயதில், ஒரே உயரத்தில் கிடைக்கிறது. அது ஒரு காரணம். பெரிய காரணம் நோய். விதை வழியாகப் போகாத பல நச்சுயிரிகள் கிளை வழியாகக் கட்டாயம் போகும். ஒரு செடியில் இருக்கும் நோயை நூறு செடிக்கு நாமே நம் கையால் நட்டு வைப்பதுதான் அது. மாடியில் நாலு தொட்டிக்கு இந்த ஆபத்தைத் தாங்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தாங்க வேண்டியதில்லை.

எனவே தாய்ச்செடியைச் சோதிப்பது. முதலில் இளம் இலைகள். மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பிடையில் மஞ்சளாகி, இலை சிறுத்து, கொழுந்தெல்லாம் குட்டையாகக் கொத்தாக நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய். வெயிலில் தண்ணீர் குறைந்து அடி இலை மட்டும் உருண்டு கொள்வது வேறு. அது இலை சிறுக்காது, மஞ்சளாகாது, அதற்குப் பயப்பட வேண்டாம். இலையில் வெண்கல நிறத்தில் புள்ளியும் கொழுந்தில் கருகலும் இருந்தால் இலைப்பேன் பரப்பும் புள்ளிவாடல். இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாக மாறி மாறி இருந்தால் தேமல் நோய். இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்தச் செடியில் கை வைக்காதீர்கள். ஒரு கிளை நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை மட்டும் எடுப்பதும் கூடாது. நச்சுயிரி செடி முழுக்க ஓடியிருக்கும்.

புகையிலைத் தேமல் நச்சுயிரி கை வழியாகவே தொற்றும். பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையோடு தக்காளியைத் தொடக்கூடாது என்பது மூடநம்பிக்கை இல்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

பாக்டீரியா வாடலுக்கு ஒரு அருமையான சோதனை உண்டு, ஒரு கண்ணாடி டம்ளர் போதும். நேற்றுவரை பச்சைப் பசேலென்று இருந்த செடி, ஒரு இலைகூட மஞ்சளாகாமல் திடீரென்று தொங்கிப்போனால் அடித்தண்டில் இரண்டு மூன்று அங்குலத் துண்டு வெட்டுங்கள். டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, துண்டை ஆட்டாமல் வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் முட்டுகிற மாதிரி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இழை இழையாகக் கீழே இறங்கினால் அதுதான். கருப்புத் துணியைப் பின்னால் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தச் செடியின் கிளையை நடக் கூடாது, அந்த மண்ணில் கத்தரி, மிளகாய், உருளையும் வைக்கக் கூடாது. எல்லாம் ஒரே குடும்பம்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும் நூற்புழு நோயில் மட்டும் நிலைமை தலைகீழ். அந்தப் புழு வேரில் இருப்பது, தண்டில் ஏறாது. செடி சோர்ந்து போனாலும் ரகம் உங்களுக்குப் பிடித்தது என்றால் மேலே இருக்கும் தெளிவான கிளையை எடுத்துப் புது மண்ணில் வைத்து ரகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கிளை மண்ணில் படாமல் எடுத்தால் போதும். பழைய மண்ணைத் தார்ப்பாயில் பரப்பி நல்ல கோடை வெயிலில் காய விடுங்கள்.

ஒட்டுக் கட்டிய தக்காளி வாங்கி வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. வாடல் நோயையும் தண்ணீர் தேங்குவதையும் தாங்கட்டும் என்று கத்தரி வேர்க்குச்சியில் தக்காளியை ஒட்டுக் கட்டுகிறார்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதை நெடுநாளாகப் பரிந்துரைத்து வருகிறது. அந்தச் செடியின் கிளையை ஒடித்து நட்டால் மேலே உள்ள தக்காளிதான் வரும். கீழே காவலுக்கு நின்ற கத்தரி வேர் வராது.

சரி, செடி தேறிவிட்டது. எதை ஒடிப்பது? இலைக் காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் சாய்வாகக் கிளம்பும் பக்கக் கிளைதான் நமக்கு வேண்டியது. கொடி இனத்தை ஒற்றைத் தண்டாகவோ இரட்டைத் தண்டாகவோ கவாத்து செய்து வளர்க்கிறவர்கள் எப்படியும் இதைக் கிள்ளித்தான் போடுவார்கள். எறிவதற்குப் பதில் நடுகிறோம், அவ்வளவுதான். செடியின் நடுப்பகுதியில் உள்ளது நல்லது. அடியில் உள்ளதில் மண் தெறித்துப் பூஞ்சணம் ஏறியிருக்கும். நீளம் நாலு முதல் ஆறு அங்குலம், கனம் பென்சில் அளவுக்குள். பூவோ மொட்டோ இருந்தால் கிள்ளிவிடுங்கள். இருக்கிற சத்தை அது குடித்துவிடும். ஒரு சாணுக்கு மேல் நீண்டு, தண்டு உள்ளே வெள்ளையாகக் கூடு விட்டிருந்தால் விட்டுவிடுங்கள், வேர் பிடிப்பதற்கு முன்னால் அழுகும்.

காலையில், இலை விறைப்பாக இருக்கும்போது ஒடியுங்கள். முந்தின மாலை தண்ணீர் ஊற்றியிருந்தால் இன்னும் நல்லது. சின்னக் கிளைக்குக் கத்தியே வேண்டாம்: கட்டைவிரலால் பக்கவாட்டில் ஒரு தள்ளு, உடனே எதிர்ப்பக்கம் ஒரு தள்ளு, டக்கென்று கக்கத்தோடு கழன்று வரும். நார் உரிந்து வந்தால் கிளை முற்றிவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிளேடு. பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, ஒவ்வொரு செடி மாறும்போதும் திரும்பத் துடையுங்கள். வேலை முடிந்ததும் விரல் பச்சையாகக் கறைபட்டு, அந்தத் தக்காளி இலை வாசம் போகாமல் இருக்கும். சோப்புப் போட்டால் நுரை மஞ்சளாக ஓடும். தண்டில் உள்ள சுரப்பி மயிர்களின் வேலை அது, தோலுக்கு ஒன்றும் ஆகாது.

இங்கேதான் முருங்கை நட்டுப் பழகிய கை தடுமாறும். முருங்கைப் போத்தை வெட்டினால் சாறு வடிந்து வெட்டுவாய் காயட்டும் என்று நிழலில் போட்டு வைப்போம், மேல் வெட்டில் சாணி அப்புவோம். அது முற்றிய கட்டை, உள்ளே கையிருப்பு உண்டு. தக்காளிக் கிளை பச்சைத் தளிர். அரை மணி நேரம் வெளியே கிடந்தால் துவண்டுவிடும். ஒடித்ததும் ஈரத் துணியில் சுற்றுங்கள், இல்லையென்றால் நேரே நடுங்கள்.

கீழ்ப்பாதி இலைகளை எடுத்துவிடுங்கள். மேலே இரண்டு மூன்று இலையும் கொழுந்தும் போதும். இலை பெரிதாக இருந்தால் அதன் முன்பாதிச் சிற்றிலைகளைக் கத்தரித்துவிடலாம். வேர் இல்லாத கிளைக்கு இலை என்பது தண்ணீர்ச் செலவு. ஆனால் மொட்டையடித்தாலும் வேர் விட வலு இருக்காது.

தண்ணீரில் வைப்பது பார்க்க ஆசையாக இருக்கும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதற்காகவே செய்யலாம். மூன்றாம் நாள் நான்காம் நாள் தண்டில் வெள்ளைப் பொரி தெரியும், ஒரு வாரம் பத்து நாளில் வேர் நீண்டுவிடும். தண்டு மட்டும் மூழ்க வேண்டும், இலை ஒன்றுகூடத் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. கண்ணாடி பாட்டில் என்றால் சுற்றிப் பழைய செய்தித்தாளைக் கட்டுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், வேருக்கும் இருட்டுதான் பிடிக்கும். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். இதில் சோம்பல் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், ஜன்னலோர டம்ளர் அதற்குத் தோதான இடம். வீடு வீடாக வந்து தேங்கிய தண்ணீரைப் பார்க்கும் பணியாளர்கள் உங்கள் தக்காளியை ரசிக்க மாட்டார்கள்.

எந்தத் தண்ணீர்? மழைத் தண்ணீரும் குடிக்கிற தண்ணீரும் நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் அடித்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். உப்புப் போர்த் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீர் அதைவிட மோசம், அது உப்பைப் பிரித்து ஒதுக்கிய தண்ணீர்தானே.

தண்ணீரில் முளைத்த வேர் மண்ணுக்குப் பழகாதது. நுண்வேர் குறைவாக, கண்ணாடி போலப் பளபளவென்று இருக்கும், தொட்டால் முறியும். நீளமாக விட்டுப் பந்தாகச் சுருண்டபின் நட்டால் பாதி வேர் வீணாகும். அரை அங்குலம், அதிகம் போனால் ஒரு அங்குலம் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றிய இரண்டு மூன்று நாள் செடி முகம் வாடித்தான் இருக்கும்.

இந்த இடைப்பட்ட சங்கடமே வேண்டாம் என்பதால் நான் நேரே கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில், வைப்பதையே சொல்வேன். ஒரு பங்கு கோகோபீட், ஒரு பங்கு ஆற்று மணல் அல்லது நன்கு அலசிய எம்.சாண்ட். எரு, மண்புழு உரம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், அதில் இயற்கையாகவே உப்பு உண்டு. அடியில் ஓட்டை போட்ட பேப்பர் கப் போதும். கலவையைக் கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் விழ வேண்டும், ஒழுகினால் அதிகம். விரலால் குழி போட்டு, தண்டில் பாதியை உள்ளே இறக்கி, சுற்றி அமுக்கிவிடுங்கள். குழி போடாமல் குத்தி இறக்கினால் வெட்டுவாய் நசுங்கும்.

முதல் நாள் மத்தியானம் கிளை தொங்கிவிடும். பார்க்கப் பாவமாக இருக்கும். இங்கேதான் பலர் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொல்கிறார்கள். உறிஞ்ச வேரே இல்லாதபோது மண்ணில் ஊற்றி என்ன பயன்? இலையில் லேசாகத் தெளித்து நிழலில் விடுங்கள். மறுநாள் காலை பெரும்பாலும் தலை நிமிர்ந்திருக்கும். சாய்ந்து நட்டிருந்தாலும் நுனி மட்டும் வளைந்து மேல் நோக்கித் திரும்பியிருப்பதைப் பார்த்தால் பிழைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே பாலிதீன் பை கவிழ்க்க வேண்டுமா என்பது ஊரைப் பொறுத்தது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. மூடினால் புழுங்கித் தண்டு அழுகும். கோவை, பொள்ளாச்சி, கம்பம் பக்கம் ஆனி, ஆடிக் காற்று இலையை உலர்த்தி எடுத்துவிடும். அங்கே ஒரு வாரம் மூடி வைக்கலாம், காலையும் மாலையும் கொஞ்ச நேரம் திறந்து விட்டு.

பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுத்தால் மண் சேர்ந்து வர வேண்டும். கொழுந்தில் புதிதாக ஒரு இலை விரிந்திருந்தால் இழுத்துப் பார்க்கவே தேவையில்லை. அப்புறம் நாலைந்து நாள் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்குங்கள். இந்த நாட்களில் மற்ற தக்காளிச் செடிகளிலிருந்து தள்ளியே வையுங்கள். தாய்ச்செடியில் மறைந்திருந்த இலைச்சுருள் ஏதாவது இருந்தால் புது இலையில் இப்போது வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்டால் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட வேண்டியதுதான், பாவம் பார்க்கக் கூடாது.

கொடி இனத்துக்கு 15 அங்குல குரோ பேக் வேண்டும், 12 அங்குலத்தில் ஒப்பேற்றலாம். முதல் இலைக் காம்பு வரை தண்டைப் புதைத்து நடுங்கள்; வேர் இன்னும் கூடும். கம்பை அன்றைக்கே ஊன்றுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும். உரம் புது இலை இரண்டு வந்த பிறகு போதும்: பஞ்சகவ்யா என்றால் 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி, மாலையில் தெளிக்கலாம். செடி ஒரு அடிகூட வளராமல் முதல் பூங்கொத்தை நீட்டும். ஆசையை அடக்கிக்கொண்டு அந்த முதல் கொத்தைக் கிள்ளிவிடுங்கள். இரண்டாவது கொத்திலிருந்து விட்டால் செடிக்கு உடம்பு தேறிவிடும்.

இதைவிடச் சோம்பேறித்தனமான வழி ஒன்றும் இருக்கிறது, மல்லிகைக்குப் போடுகிற அதே பதியம். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துப் பக்கத்துத் தொட்டி மண்ணில் படுக்க வைத்து, மேலே இரண்டு விரல் மண் போட்டு, ஒரு கல்லை வைத்துவிடுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். தாய்ச்செடி சோறு போட்டுக்கொண்டே இருப்பதால் வாடவே வாடாது. இரண்டு வாரம் கழித்து மண்ணைக் கிளறிப் பார்த்து வேர் இருந்தால் இணைப்பை வெட்டிவிடலாம். ஒன்று இரண்டு செடிதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக மாதம். பகலில் 35 டிகிரியும் இரவில் 24, 25 டிகிரியும் தாண்டினால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். மகரந்தம் சூட்டில் கெட்டுவிடுகிறது, மருந்தடித்துப் பயனில்லை. ஆகவே சமவெளியில் மாசி மாதம் ஒடித்து நட்டால் பங்குனிக் கடைசியில் பூத்து, சித்திரை வெயிலில் அத்தனையும் கொட்டும். ஐப்பசி மழையில் வேர் சீக்கிரம் பிடிக்கும், ஆனால் அதே வேகத்தில் அழுகவும் செய்யும். கூரைக்கு அடியில் வைக்க இடமிருந்தால் மட்டும் செய்யுங்கள். கார்த்திகைக் கடைசி, மார்கழி, தை முதல் வாரம் வரைதான் அருமையான காலம். ஆடியில் நாற்று நட்டவர்களுக்கு ஆவணி, புரட்டாசியிலும் ஒரு வாய்ப்பு உண்டு. ஊட்டி, கொடைக்கானலில் கணக்கு வேறு, டிசம்பர், ஜனவரி உறைபனி தக்காளியைக் கருக்கிவிடும்.

உங்கள் கலப்பினத்தைக் கோடையிலும் இழக்க வேண்டாம் என்றால் மாசியில் இரண்டு கிளை மட்டும் வேர் பிடிக்க வைத்து, 50 சதவீதப் பச்சை நிழல்வலைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ப்பதற்கு அல்ல, உயிரோடு இருப்பதற்கு. பூவையெல்லாம் கிள்ளுங்கள், உரத்தைக் குறையுங்கள், மேல் மண்ணுக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள், இலையின் அடிப்புறத்தில் வெள்ளை ஈ வருகிறதா என்று வாரம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். ஆடி பிறந்ததும் அவற்றிலிருந்து புதுக் கிளை ஒடிக்கலாம். இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓட்ட முடியும், கிளைக்கு வயதாவதில்லை. ஆனால் நச்சுயிரி சேர்ந்துகொண்டே போகும். காய் சிறுத்து, கொத்துக்கு இரண்டு மூன்று என்று இறங்கினால் அந்த வரிசையை அத்தோடு நிறுத்திவிட்டுப் புது விதைப் பொட்டலம் வாங்கிவிடுங்கள்.